இன்ஜினியரிங் பசங்களுக்கு எதுக்கு சார் சட்டம்?

தலைப்பு என்னோடது இல்லைங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு 'இண்டஸ்ட்ரி ஆள்' கோட்டாவுல அப்பப்போ என்னையும் கூப்பிடுவாங்க. அப்படிப் போன இடங்கள்ல ஸ்டாஃப் ரூம் டீயோட சேர்த்துக் கிடைச்ச கேள்வி இது. "டேட்டா ஸ்ட்ரக்சரே தலைகீழா நின்னாலும் ஏற மாட்டேங்குது. இதுல காப்பிரைட்டு, டேட்டா ப்ரொடக்‌ஷன்னு ஏன் சார் அவனுங்க உயிரை வாங்கணும்? அதுக்குத்தான் வக்கீலுங்க இருக்காங்களே!"

விருந்தாளியா போன இடத்துல சண்டை போட முடியாது. இங்கே நம்ம வீடு, போடலாம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடறேன். பேட்டன்ட்டுக்குக் காப்புரிமை, காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை. நம்மாளுங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அரைப்பாங்க. நான் இங்கே பேசறது பதிப்புரிமையையும், தனிநபர் தரவுப் பாதுகாப்பையும். சட்டம் படிச்சவன் இல்லை நான். இருபது வருஷமா பொட்டி தட்டுறவன். அந்தத் தகுதியிலதான் பேசறேன்.

என் கட்சி இதுதான். சிவில் படிக்கிற பையனுக்கு ஐ.எஸ். 456 தெரியாமப் பட்டம் கொடுப்பீங்களா? கான்கிரீட்டுக்கான அந்த இந்தியத் தர விதித்தொகுப்பைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் அவன் பீம் டிசைன் பண்ணக் கத்துக்கறான். பரீட்சை ஹாலுக்குள்ளேயே கொண்டு போக விடறாங்க. "கட்டடம் விழுந்தா வக்கீல் பாத்துக்குவாரு"ன்னு யாரும் சொல்றதில்லை. அப்போ பத்து லட்சம் பேரோட போன் நம்பரையும் ஆதார் எண்ணையும் வெச்சிருக்கிற டேட்டாபேஸைக் கட்டப் போறவனுக்கு மட்டும் ஏன் விதித்தொகுப்பு வேண்டாம்?

"அதான் ஏற்கெனவே சிலபஸ்ல இருக்கே!"

இருக்கு, நானும் பார்த்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ரெகுலேஷன்ல 'ப்ரொஃபஷனல் எத்திக்ஸ் இன் இன்ஜினியரிங்'னு ஒரு பேப்பர். நாலாவது யூனிட்ல கூட்டுப் பேரம், ரகசியம் காப்பது, பணியாளர் உரிமைன்னு போற வரிசையில அறிவுசார் சொத்துரிமைன்னு ஒரு சொல் வரும். அவ்வளவுதான். அதுக்கு லோக்கல் ஆத்தர் புத்தகத்துல ஒண்ணரைப் பக்கம். 13 மார்க் கேள்வியா வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதே ரெகுலேஷன்ல அறிவுசார் சொத்துரிமைக்குத் தனி எலெக்டிவ்வும் இருந்தது. எலெக்டிவ்னா தெரியுமில்ல? எதுல மார்க் அள்ளலாம், எந்த ஸ்டாஃப் ஃப்ரீயா இருக்காருன்னு பார்த்து டிபார்ட்மென்ட் முடிவு பண்றது.

ஏ.ஐ.சி.டி.இ.யோட 2018 மாதிரிப் பாடத்திட்டத்துல இந்திய அரசியலமைப்பைக் கட்டாயப் பாடமா வெச்சாங்க. ஆனா கிரெடிட் கிடையாது. கிரெடிட் இல்லாத பாடத்தை நம்ம ஊர்ல எப்படி நடத்துவாங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? அந்த ஹவர்ல லேப் ரெக்கார்டு எழுதுவாங்க.

அதனால "இன்னொரு பேப்பர் சேருங்க"ன்னு கேட்க நான் வரலை. சேர்த்தா என்ன ஆகும்னு எனக்கே தெரியும். செக்‌ஷன் நம்பரை எல்லாம் மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் பானிபூரிக் கடையில மறந்துடுவான். ஐ.எஸ். 456-ஐ யாராவது மனப்பாடம் பண்றாங்களா? டேபிளைப் புரட்டி, தேவையான எண்ணை எடுத்து, பீமைக் கணக்குப் போடறாங்க. சட்டத்தையும் அப்படித்தான் பழக்கணும். இடம் லேப்.

ஒரு ரிவ்யூவுல பார்த்தது

முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடற ப்ராஜெக்ட். நாலு பசங்க, நல்லா உழைச்சிருந்தாங்க. கூடப் படிக்கிற அறுபது பேரோட முகத்தையும் பல கோணத்துல எடுத்து, ரிஜிஸ்டர் நம்பர், போன் நம்பரோட சேர்த்து, கிட்ஹப்ல யாரு வேணா பார்க்கிற மாதிரி ஏத்தி வெச்சிருந்தாங்க.

"இந்தப் போட்டோவெல்லாம் யாரைக் கேட்டு எடுத்தீங்க தம்பி?"

"எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தான் சார்."

"அவங்கள்ல ஒருத்தர் நாளைக்கு என் முகத்தை எடுத்துடுங்கன்னு சொன்னா?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. கடைசியில ஒரு பொண்ணு, "அதுக்கு டெலீட் ஆப்ஷன் வைக்கலை சார்"னு உண்மையைச் சொல்லுச்சு. பக்கத்துல இருந்த இன்டர்னல் எக்ஸாமினர் என்ன கேட்டார் தெரியுமா? "அக்யூரசி எவ்ளோம்மா?" 96 சதவீதம்னு சொன்னதும் திருப்தி, அடுத்த டீம்.

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவே மாட்டேன். மார்க் ஷீட்டுல அக்யூரசிக்குக் கட்டம் இருந்தது, பி.பி.டி.க்குக் கட்டம் இருந்தது. "யாரைக் கேட்டு எடுத்தே"ங்கிறதுக்குக் கட்டம் இல்லை. எதுக்கு மார்க் இருக்கோ அதைத்தான் பிள்ளைங்க செய்யும்.

இதே பிள்ளைங்க நாலு வருஷம் கழிச்சு ஒரு அரசு போர்ட்டலுக்குக் கோடு எழுதும். அப்போ என்ன ஆகும்? 2017 மே மாசம் பெங்களூரு 'சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி' ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. ஓய்வூதியம், நூறு நாள் வேலைத்திட்டம்னு நாலு அரசுத் திட்டங்களோட இணையதளங்கள்ல சுமார் 13 கோடி பேரோட ஆதார் எண்கள் வெளியே தெரிஞ்சதா மதிப்பிட்டிருந்தாங்க. எவனும் பூட்டை உடைக்கலைங்க. தளமே காட்டிக்கிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை எழுதினவர் கெட்டவரா இருக்கணும்னு அவசியமே இல்லை. டேபிள்ல இருக்கிற எல்லா காலத்தையும் திரையில கொட்டறதுக்கு முன்னாடி "இது தேவையா?"ன்னு கேட்கற பழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரலை.

பேரை எடுத்துட்டா போதுமா?

"பேரை நீக்கிட்டோம் சார், அனானிமஸ்தான்"னு சொல்ற பசங்களுக்கு நான் எப்பவும் சொல்ற கதை ஒண்ணு உண்டு.

1990-கள்ல அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துல அரசு ஊழியர்களோட மருத்துவத் தகவல்களைப் பேர், முகவரி எல்லாம் எடுத்துட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தாங்க. அப்போ எம்.ஐ.டி.யில படிச்சுக்கிட்டிருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு ஒரு வாக்காளர் பட்டியலை வாங்கினார். பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூணையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டோட மருத்துவக் குறிப்பு கையில வந்துடுச்சு. அமெரிக்க மக்கள்ல 87 சதவீதம் பேரை இந்த மூணு விவரத்தை வெச்சே தனியா அடையாளம் காண முடியலாம்னு 2000-ல் கணக்கும் போட்டுக் காட்டினார்.

அவர் செஞ்சது ரெண்டு டேபிளுக்கு நடுவுல ஒரு ஜாயின். டி.பி.எம்.எஸ். பேப்பர்ல நாம சொல்லித்தர்ற அதே ஜாயின்!

இன்னொண்ணு நம்ம ஊருக்கும் கொஞ்சம் சொந்தம். நெட்ஃபிளிக்ஸ் 2006-ல் சுமார் 5 லட்சம் சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த மார்க்கைப் பேர் நீக்கி வெளியிட்டு, நல்ல பரிந்துரை அல்காரிதத்துக்குப் பரிசுன்னு போட்டி வெச்சாங்க. சென்னை ஐ.ஐ.டி.யில படிச்சுட்டுப் போன அரவிந்த் நாராயணனும், அவரோட ஆசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும், ஐ.எம்.டி.பி.யில ஜனங்க வெளிப்படையா போட்ட மதிப்பெண்களோட ஒப்பிட்டு, பேர் இல்லாத பட்டியல்ல இருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியும்னு நிரூபிச்சாங்க. 2008-ல் அந்தக் கட்டுரை வந்தது. வழக்கு, விசாரணைன்னு ஆகி 2010-ல் நெட்ஃபிளிக்ஸ் ரெண்டாவது போட்டியையே கைவிட்டது.

இதை வக்கீல் வந்து விளக்க முடியுமா? முடியாது. கணக்கு தெரிஞ்ச இன்ஜினியர்தான் விளக்கணும். "எது தனிநபர் தரவு?"ங்கிற கேள்வியில பாதி சட்டம், மீதி பாதி டேட்டாபேஸ். ஸ்டாஃப் ரூம் நண்பர்களே, "வக்கீல் பாத்துக்குவாரு" வாதம் இங்கேயே காலி.

சட்டத்தை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்

2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்குல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சு. ஆறு வருஷம் கழிச்சு, 2023 ஆகஸ்ட்ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பர்ல விதிகள் வந்தப்போ, நிறுவனங்களோட முக்கியக் கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் கொடுத்தாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

சம்மதம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டும்தான் செல்லும். சட்டத்துக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கு: டெலிமெடிசின் செயலி ஒண்ணு உங்க போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்டு, நீங்களும் சரின்னு அமுக்கிட்டீங்கன்னு வைங்க. வைத்தியத்துக்குக் கான்டாக்ட் லிஸ்ட் தேவையில்லை, அதனால அந்தச் சம்மதம் அதுக்குச் செல்லாது. இன்ஜினியர் மொழியில: எந்தெந்தப் பர்மிஷன் கேட்கறோம்னு யோசிச்சுக் கேளு.

சம்மதம் கொடுக்கறது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். அதாவது, 'சரி' பட்டன் பச்சையா பெரிசா முதல் பக்கத்துல, 'வேண்டாம்' ஏழு மெனு தாண்டி சாம்பல் கலர்லன்னு வைக்கக் கூடாது.

நோக்கம் முடிஞ்சதும் அழிக்கணும், வேற சட்டம் வெச்சிருக்கச் சொன்னா ஒழிய. அதாவது, டெலீட் வேலை செய்யணும், பேக்கப்ல இருக்கிறதையும் யோசிக்கணும்.

அறிவிப்பை ஆங்கிலத்துல மட்டும் நீட்டினா போதாது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழிகள்ல எதுலயும் பார்க்கிற வசதி வேணும். தமிழும் அதுல உண்டு. தமிழ் எழுத்துரு உடையாமத் தெரியறது இனிமே மொழிப்பற்று மட்டும் இல்லைங்க, சட்டக் கடமை.

விதிகளைப் பிரிச்சா இன்னும் வேடிக்கை. என்கிரிப்ஷன், மாஸ்கிங், அணுகல் கட்டுப்பாடு, பேக்கப், ஒரு வருஷத்துக்கு லாக் சேமிப்பு, தரவு கசிஞ்சா பாதிக்கப்பட்டவங்களுக்கு உடனே தகவல், வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள்ள முழு விவரம். இதுல வக்கீல் செய்யற வேலை எது? முழுக்க முழுக்க நம்ம ஆணிங்க! தகுந்த பாதுகாப்பு இல்லாமக் கசிய விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும். கட்டறது கம்பெனிதான். ஆனா அந்த மீட்டிங்ல "யாருய்யா இந்தக் கோடை எழுதினது?"ன்னு கேட்கும்போது யாரைத் தேடுவாங்க?

இன்னொரு சங்கதி. இந்தச் சட்டப்படி 18 வயசு முடியாதவங்க எல்லாம் குழந்தைங்க. அவங்க தரவை எடுக்கப் பெத்தவங்களோட சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேணும். ஃபர்ஸ்ட் இயர் வர்ற நிறைய பேருக்கு வயசு 17. கல்விக்கூடங்களுக்குச் சில விலக்கு இருக்கு. ஆனா சிம்போசியத்துக்கு ஆப் செஞ்சு, ஊர்ல இருக்கிற காலேஜ் பசங்க விவரத்தை எல்லாம் வாங்கி, ஸ்பான்சருக்குக் கொடுக்கிறானே தேர்ட் இயர் பையன், அவனுக்கு இதுல ஒரு வரியாவது தெரியுமா?

பதிப்புரிமைன்னா பூச்சாண்டி மட்டும்தானா?

தரவுப் பாதுகாப்பை யாரும் சொல்லித்தர்றதில்லை. பதிப்புரிமையைச் சொல்லித்தர்றாங்க, ஆனா பயங்காட்டி. "பைரசி திருட்டு, ஜெயில்ல போடுவாங்க." ஜெயில் இருக்கறது உண்மைதான். திருட்டு நகல்னு தெரிஞ்சே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டர்ல ஓட்டினா 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவுப்படி ஏழு நாள்ல இருந்து மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. இதைச் சொல்ற லேப்பே கிராக் பண்ண சாஃப்ட்வேர்ல ஓடும், அது தனிக் கதை.

ஆனா அதே சட்டத்தோட 52-வது பிரிவை யாராவது வகுப்புல படிச்சுக் காட்டியிருக்காங்களா? முறையா வாங்கின மென்பொருளுக்குப் பேக்கப் எடுக்கலாம். அது எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயலாம். வேற மென்பொருளோட அது ஒத்துப்போகத் தேவையான தகவலைத் தோண்டலாம். கற்பிக்கிற போக்குல ஆசிரியரும் மாணவரும் படைப்பை நகலெடுக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கு ஞாபகம் இருக்கா? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ்னு மூணு பெரிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டாங்க. பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்து ஜெராக்ஸ் போடறது கற்பித்தலுக்கான விலக்குக்குள்ள வரும்னு 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் அதுல தலையிட மறுத்துடுச்சு. தெனமும் ஜெராக்ஸ் கடையில நிக்கிற பையனுக்கு, தன்னோட உரிமையைப் பத்தின இந்தத் தீர்ப்பு தெரிய வேண்டாமா?

அவன் எழுதற கோடு யாருக்குச் சொந்தம்? "ப்ராஜெக்ட் காலேஜ் சொத்து"ன்னு சில இடத்துல அடிச்சு விடுவாங்க. சட்டம் 17-வது பிரிவுல வேலைக்காரன் வேலையில எழுதினது முதலாளிக்குன்னு சொல்லுது, வேற ஒப்பந்தம் இல்லைன்னா. மாணவன் வேலைக்காரனா? ஃபீஸ் கட்டறவன் அவன்! உரிமையை மாத்திக் கொடுக்கணும்னா 19-வது பிரிவுப்படி எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். ஃப்ரீலான்ஸ் பண்ற தம்பிகள் கவனிங்க: எவ்வளவு காலத்துக்குன்னு ஒப்பந்தத்துல எழுதலைன்னா அஞ்சு வருஷம்னும், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னும்தான் சட்டம் எடுத்துக்கும். இது தெரிஞ்ச பையன் பேரம் பேசுவான். தெரியாதவன் அஞ்சாயிரத்துக்கு எழுதிக் கொடுத்துட்டு வருவான்.

அப்புறம் இந்த 'ஓப்பன் சோர்ஸ்னா ஓசி' வியாதி. கிட்ஹப்ல இருக்கு, எடுத்துக்கிட்டேன்ங்கறான். லைசென்ஸ் எதுவும் போடலைன்னா எழுதினவனுக்கே எல்லா உரிமையும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல இருந்து சுடற நாலு வரிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் இருக்கு, பேர் போடணும். 2003-ல் லிங்க்சிஸ் ரவுட்டருக்குள்ள ஜி.பி.எல். கோடு இருக்கறதை ஆர்வலர்கள் கண்டுபிடிச்சுச் சத்தம் போட்டாங்க, கம்பெனி மூல நிரலை வெளியிட வேண்டியதாச்சு. அதுல இருந்து முளைச்சதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. அந்த பிராண்டை வாங்கியிருந்த சிஸ்கோ மேல 2008-ல் வழக்கே வந்து 2009-ல் சமரசமாச்சு. பதிப்புரிமை பூட்டுறதுக்கு மட்டும் இல்லை, திறக்கறதுக்கும் சாவின்னு காட்ட இதைவிட நல்ல கதை உண்டா?

பசங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் "ப்ளேஜியரிசம் பர்சன்டேஜ்" மட்டும்தான். பத்துக்குக் கீழே கொண்டு வா, அவ்வளவுதான். வார்த்தையை மாத்திப் போட்டுக் கொண்டு வந்துடறான். ப்ளேஜியரிசம் வேற, பதிப்புரிமை மீறல் வேற. பாரதி படைப்புகளை 1949-லேயே நாட்டுடைமை ஆக்கிட்டாங்க. பாரதி பாட்டை என் பாட்டுன்னு நான் போட்டுக்கிட்டா அது பதிப்புரிமை மீறல் இல்லை, ஆனா அயோக்கியத்தனம். இன்னைக்கு எழுதிக்கிட்டிருக்கிற ஒருத்தரோட நாவலை அவர் பேர் போட்டே முழுசா ஸ்கேன் பண்ணி ஏத்தினா, அயோக்கியத்தனம்னு எவனும் நினைக்க மாட்டான், ஆனா அது மீறல். நம்ம சக பதிவர்கள்லயே பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தகராறுதான், சண்டைக்கு வராதீங்க :-)

வீட்டைக் கூட்டாம வாசல்ல கோலம்

சிலபஸ்ல என்ன எழுதினாலும், மாணவன் கத்துக்கறது காலேஜ் நடந்துக்கறதைப் பார்த்துத்தான். ப்ளேஸ்மென்ட் செல் எக்செல் ஷீட்டைப் பார்த்திருக்கீங்களா? பேர், போன், பிறந்த தேதி, அப்பா தொழில், சாதி, ஆதார், அரியர் எத்தனை, எல்லாம் ஒரே ஷீட்டுல. அது வாட்ஸ்அப் குரூப்பு குரூப்பா சுத்தும். ஃபீஸ் கட்டாதவங்க பட்டியல் நோட்டீஸ் போர்டுல. இன்டர்னல் மார்க்கும் அப்படியே, பேரோட. ஐஇஇஇ டைட்டில் வெச்சு விக்கிற ப்ராஜெக்ட் சென்டர்ல பத்தாயிரம் கொடுத்து வாங்கின கோடுக்கு, தெரிஞ்சே 'சொந்தப் படைப்பு'ன்னு போனஃபைட் சர்ட்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடற கைடு. இதுக்கு நடுவுல ப்ரொஃபஷனல் எத்திக்ஸ் பாடம்! பசங்க முட்டாளா என்ன? எது நிஜம், எது பரீட்சைக்குன்னு அவனுக்குப் புரியும்.

"வேலைக்குச் சேர்ந்தா கம்பெனி சொல்லிக்கொடுக்கும்"னு ஒரு சமாதானம் வேற. அந்த டிரெய்னிங்கை நானும் வருஷா வருஷம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். வீடியோ ஓடும், நெக்ஸ்ட் நெக்ஸ்ட், கடைசியில அஞ்சு கேள்வி, சர்ட்டிஃபிகேட். கம்பெனி தன்னைக் காப்பாத்திக்க நடத்தற சடங்கு அது. அந்தச் சடங்குகூட நடக்காத பத்துப் பேர் ஸ்டார்ட்டப்லதான் நிறைய பசங்க சேர்றாங்க.

இப்போ ஏ.ஐ. வேற வந்தாச்சு. பிழை திருத்தறேன்னு வாடிக்கையாளர் டேபிளை அப்படியே சாட் பெட்டியில ஒட்டறான். அது வெளியாள் கைக்குத் தரவு போறதுன்னு அவனுக்குத் தோணவே இல்லை. ஏ.ஐ.க்குப் பயிற்சி கொடுக்க யார் எழுத்தை எடுக்கலாம்ங்கிறதுக்கு 2024 நவம்பர்ல ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மேல டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தக் கேள்விகளோட நடுவுலதான் நம்ம பசங்க வேலை பார்க்கப் போறாங்க.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

1. டி.பி.எம்.எஸ். லேப்ல ஒவ்வொரு டேபிளுக்கும் மூணு கேள்வி கட்டாயம்: இந்த காலம் எதுக்கு? எத்தனை நாளைக்கு? யார் யார் பார்க்கலாம்? பதில் இல்லாத காலத்தை அடிச்சுடணும். பயிற்சிக்குப் போலித் தரவு போதும், தோழியோட போன் நம்பர் வேண்டாம்.

2. ஃபைனல் இயர் ரிப்போர்ட்ல ரெண்டு பக்கம் கூடுதல். ஒண்ணுல, வெளியில இருந்து எடுத்த கோடு, படம், தரவு எல்லாத்துக்கும் லைசென்ஸ் பட்டியல். இன்னொண்ணுல, யாரோட தரவு, எப்படிச் சம்மதம், எப்போ அழிப்பு. வைவாவுல இதுக்கு 10 மார்க். மார்க் இல்லாம வேலைக்காகாது.

3. பரீட்சை வைக்கறதா இருந்தா சட்டத்தைக் கையில கொடுத்துட்டு வைங்க. "பிரிவு 6-ஐ விளக்குக"ன்னு கேட்காதீங்க. "கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு செயலி வடிவமை, சட்டப்படி"ன்னு கேளுங்க.

4. பாடம் எடுக்க ஒரு இன்ஜினியரும் ஒரு வக்கீலும் சேர்ந்து வரட்டும். அதுக்கு முன்னாடி வாத்தியார்களுக்கு ஒரு வகுப்பு.

5. காலேஜ் முதல்ல அந்த எக்செல் ஷீட்டைச் சுருக்கட்டும். எப்படிச் சுருக்கறதுன்னு மாணவர்களையே கேட்டா அதுவே ஒரு நல்ல அசைன்மென்ட்.

6. சட்டத்தைத் திட்டவும் சொல்லிக்கொடுங்க. 2023 சட்டம் அரசு அமைப்புகளுக்கு எவ்வளவு பெரிய விலக்கு கொடுக்குது, தகவல் உரிமைச் சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவை எப்படி மாத்துச்சு, தனிநபர் தகவல்னா பொதுநலன் இருந்தா கொடுக்கலாம்னு அந்தப் பிரிவுலயே இருந்த வாசகம் எங்கே போச்சு, இதெல்லாம் விவாதிக்கட்டும். சட்டம் சொல்லித்தர்றதுன்னா சட்டத்துக்கு ஜால்ரா தட்டறதுன்னு அர்த்தம் இல்லை.

இதுல எதுக்கும் புதுப் பேப்பர் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கிற லேப், இருக்கிற வைவா, இருக்கிற ரிப்போர்ட் போதும். அதனால "சிலபஸ் ஏற்கெனவே நிறைஞ்சு வழியுது சார்"ங்கிற பதில் என்கிட்ட செல்லாது. வேற பதில் இருந்தா கொண்டு வாங்க, மோதிப் பார்க்கலாம்.

ஆளைக் குளோஸ் பண்ணாலும் சரி, "பசங்க டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முதல்ல படிக்கட்டும்"னு மட்டும் சொல்லாதீங்க. அந்த ஸ்ட்ரக்சருக்குள்ள அவன் போட்டு வைக்கப் போறது உங்க போன் நம்பரும், உங்க வீட்டுப் பிள்ளையோட போட்டோவும்தான்.

பி.கு: ரெண்டு சட்டமும் அரசோட 'இந்தியா கோடு' தளத்துல இலவசமாவே கிடைக்குது. தரவுச் சட்டம் ரொம்பச் சின்னது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். கையோட நீங்க கடைசியா செஞ்ச ஃபார்மையும் திறந்து வெச்சுக்குங்க. தேவையே இல்லாம எத்தனை விவரம் கேட்டிருக்கோம்னு எண்ணிப் பார்க்கலாம்.